பூட்டப்படும் ஆய்வகங்கள்... மாநிலங்கள் கைகொடுக்குமா?

வாஷிங்டன் கையை இறுக்குகிறது. டெக்சஸ், கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் மாநிலங்கள் சொந்தக் கஜானாவைத் திறக்கின்றன. உயிர் அறிவியல் ஆராய்ச்சி மாநில சட்டமன்றங்களின் பொறுப்பும்தான் என்ற குரல் அமெரிக்காவில் வலுத்துவருகிறது. அந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கும் உரியது.

2018 அக்டோபர் 1. நியூயார்க் ஹோட்டல் ஒன்றில், காலை ஐந்தரை மணிக்கு ஜிம் ஆலிசனின் தொலைபேசி ஒலிக்கிறது. அழைத்தவர் அவருடைய மகன். அப்பாவுக்கு மருத்துவ நோபல் கிடைத்திருக்கும் செய்தியை ஸ்டாக்ஹோம் சொல்வதற்கு முன்பே மகன் சொல்லிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில், மாநாட்டுக்காக அதே ஊருக்கு வந்திருந்த சக விஞ்ஞானிகள் ஷாம்பெய்ன் பாட்டிலோடு கதவைத் தட்டுகிறார்கள். ஓய்வு கிடைத்தால் ப்ளூஸ் இசைக்குழுவில் ஹார்மோனிகா வாசிக்கும் அந்த எழுபது வயது டெக்சஸ்காரரைச் சுற்றி அறை நிரம்பிவிடுகிறது.

டெக்சஸின் ஆலிஸ் என்ற சிற்றூரில் பிறந்த ஆலிசனுக்குப் பதினோரு வயதானபோது அம்மா நிணநீர்ப் புற்றுநோயில் இறந்துபோனார். வளர்ந்து விஞ்ஞானியான அவர், நம் உடலின் காவல் செல்களான டி செல்களை அடக்கிவைக்கும் ஒரு புரதத்தைத் தடுத்தால், அந்த செல்களே புற்றுக்கட்டியைத் தாக்கும் என்று காட்டினார். அந்த ஆய்விலிருந்து பிறந்த இபிலிமுமாப் என்ற மருந்துக்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முற்றிய தோல் புற்றுநோய் என்றால் ஓராண்டு தாண்டுவதே அரிது என்றிருந்த நிலை மாறியது. அந்த மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூன்றாண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்கள். சிலர் பத்தாண்டுகளைக் கடந்தார்கள்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு பக்கம் உண்டு. பெர்க்லியிலும் நியூயார்க்கிலும் வேலை பார்த்துவந்த ஆலிசனை 2012-ல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துக்குத் திரும்ப அழைத்துவந்தது டெக்சஸ் மக்களின் வரிப்பணம். மாநில அரசின் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியிலிருந்து அதற்காக 1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நோபலுக்கான கண்டுபிடிப்பு 1990-களில் பெர்க்லியில், பெரும்பாலும் மத்திய அரசின் பணத்தில் நடந்தது. அந்தப் பெருமையை டெக்சஸ் முழுதாக உரிமை கொண்டாட முடியாது. ஆனால், ஊரைவிட்டுப் போன ஓர் அறிவாளியைத் திருப்பி அழைத்து, அவரைச் சுற்றி ஒரு தலைமுறை இளம் விஞ்ஞானிகளை வளர்க்க ஒரு மாநில சட்டமன்றத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்று அமெரிக்காவின் பல மாநிலத் தலைநகரங்களில் விஞ்ஞானிகளும் நோயாளிகளும் சட்டமன்ற உறுப்பினர்களின் அறைக்கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை வந்த அறிவிப்பு

அமெரிக்காவின் மருத்துவ ஆராய்ச்சிக்கு முதுகெலும்பு, என்.ஐ.ஹெச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனம். ஆண்டுக்குச் சுமார் 4,800 கோடி டாலர். 2,500-க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பணத்தை நம்பியிருக்கிறார்கள். 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற 210 புதிய மருந்துகளில் ஒன்றுகூட இந்த நிதியின் பங்களிப்பு இல்லாமல் வந்ததில்லை என்கிறது 2018-ல் வெளியான ஓர் ஆய்வு.

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. ஆய்வு நிதியோடு சேர்த்துத் தரப்படும் மறைமுகச் செலவுகளுக்கு 15 சதவிகிதம்தான் உச்சவரம்பு என்று என்.ஐ.ஹெச். அறிவித்தது. மறைமுகச் செலவு என்றால் ஏதோ அலுவலக ஆடம்பரம் என்று நினைத்துவிடக் கூடாது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகளுக்கான மின்சாரம், சோதனை விலங்குகளின் பராமரிப்பு, கதிரியக்கக் கழிவை அகற்றுவது, நோயாளிகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு என எல்லாமே இதில்தான் அடங்கும். பல பல்கலைக்கழகங்கள் 50 சதவிகிதத்துக்கும் மேல் பெற்றுவந்தன. மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் நீதிமன்றத்துக்குப் போயின. பாஸ்டன் நீதிபதி அந்த உத்தரவைத் தடுத்து நிறுத்தினார். அடுத்து, 2026 நிதியாண்டில் என்.ஐ.ஹெச். நிதியையே ஏறக்குறைய 40 சதவிகிதம் வெட்டி 2,750 கோடி டாலராக்கும் யோசனையை வெள்ளை மாளிகை முன்வைத்தது. 2025 ஜூலையில் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு இரு கட்சிகளின் ஆதரவோடு அதை நிராகரித்தது.

தடுத்துவிட்டார்களே, பிறகென்ன கவலை என்று தோன்றலாம். சேதம் அதற்குள் தொடங்கியிருந்தது. மாசசூசெட்ஸின் அரசு மருத்துவக் கல்லூரியான யுமாஸ் சான், 2025 மார்ச்சில் அந்த ஆண்டுக்கான உயிர் மருத்துவ முனைவர் பட்டச் சேர்க்கைகளைத் திரும்பப் பெற்றது. இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்திருந்த இளைஞர்களுக்கு, நிதி நிலைமை உறுதியாக இல்லை என்ற கடிதம் போனது.

ஆராய்ச்சியில் இடைவெளி எவ்வளவு கொடியது என்பது வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. பாலம் கட்டும் வேலை ஆறு மாதம் நின்றால் தூண்கள் அப்படியே நிற்கும். ஆய்வகம் ஆறு மாதம் நின்றால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் நிறுத்திய கதைதான். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் கருகிய நாற்று திரும்பாது. குறிப்பிட்ட மரபணு மாற்றத்தோடு பல தலைமுறைகளாக வளர்த்த எலிகளைப் பராமரிக்க ஆளில்லை என்றால் அழித்துவிட வேண்டும். மருந்துச் சோதனையில் சேர்ந்த நோயாளிக்குத் தவணை தவறினால் அவரிடமிருந்து கிடைத்த தரவு பயனற்றுப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்கள் போய்விடுவார்கள். ஒரு செல்லை எப்படி வளர்ப்பது, எந்தச் சத்தம் கேட்டால் கருவியை நிறுத்த வேண்டும் என்று கைப்பழக்கத்தில் கற்றிருந்த முப்பது வயது ஆராய்ச்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்த பட்ஜெட்டில் பணம் வந்தாலும் அவர் வரமாட்டார்.

அப்படிப் போகிறவர்களில் தமிழர்களும் உண்டு. சென்னை, கோவை, திருச்சி கல்லூரிகளில் படித்துவிட்டு அமெரிக்க ஆய்வகங்களில் முனைவர் பட்டத்துக்கும் அதற்குப் பிந்தைய ஆய்வுக்கும் சேர்வது பல பத்தாண்டுப் பழக்கம். 1958-ல், பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் போய், பின்னாளில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளராகப் பெயரெடுத்த சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன், அமெரிக்க ஆய்வகங்களுக்குப் போன தமிழர்களின் முன்னோடிகளில் ஒருவர்.

■ பெட்டிச் செய்தி: எந்த மாநிலம், எவ்வளவு?

● வட கரோலினா: 1984-ல் மாநில அரசே உயிரித் தொழில்நுட்ப மையம் தொடங்கியது. இந்தத் துறையில் மாநில முயற்சிகளின் முன்னோடி.
● கலிஃபோர்னியா: ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு 2004-ல் 300 கோடி டாலர், 2020-ல் மேலும் 550 கோடி டாலர். இரண்டும் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியவை.
● டெக்சஸ்: புற்றுநோய்க்கு 2007-ல் 300 கோடி டாலர், 2019-ல் மேலும் 300 கோடி. மறதி நோய் ஆராய்ச்சிக்கு 2025 நவம்பரில் தனியாக 300 கோடி.
● மாசசூசெட்ஸ்: 2008-ல் பத்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர். 2018-ல் நீட்டிப்பு. 2024 நவம்பரில் மீண்டும் பத்தாண்டுகளுக்கு 100 கோடி.

வரி என்றாலே முகம் சுளிக்கும் மாநிலத்தில்...

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அரசு கடன் வாங்குவதை அங்கே யாரும் விரும்புவதில்லை. குடியரசுக் கட்சியின் கோட்டை. அங்கே 300 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு அறிவியலுக்குக் கொடுக்க வைத்தது எது?

ஒரு மரணம். டெக்சஸின் முன்னாள் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ், ஜனநாயகக் கட்சிக்காரர், 2006 செப்டம்பரில் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய நெருங்கிய தோழியும் அவருடைய ஆட்சியில் பொறுப்பு வகித்தவருமான கேத்தி பானர், புற்றுநோய்க்கென்று மாநிலமே ஒரு நிதி தொடங்க வேண்டும் என்ற யோசனையோடு தலைவர்களைச் சந்திக்கத் தொடங்கினார். சட்டமன்றத்தில் அதை முன்னெடுத்தவர்கள் எதிரணியைச் சேர்ந்தவர்கள்: செனட்டர் ஜேன் நெல்சன், பிரதிநிதி ஜிம் கெஃபர். இருவரும் குடியரசுக் கட்சி. ஆளுநர் ரிக் பெர்ரியும் அதே கட்சி. விரைப்புற்றிலிருந்து மீண்ட சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆதரவு கேட்டார். 2007 நவம்பர் வாக்கெடுப்பில் 61 சதவிகிதம் பேர் சம்மதித்தார்கள். டெக்சஸ் புற்றுநோய்த் தடுப்பு மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சிப்ரிட், பிறந்தது.

ஆண்டுக்கு 30 கோடி டாலர். 300-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளை வெளி மாநிலங்களிலிருந்து அழைத்துவந்தது. நிதியில் பத்தில் ஒரு பங்குவரை தடுப்புப் பணிக்குப் போகலாம் என்பது விதி. ஆய்வகம் எதுவும் இல்லாத எல்லையோர மாவட்டத்துப் பெண்ணுக்குக் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை நடப்பது அந்தப் பணத்தில். ‘பல்கலைக்கழகம் இருக்கும் நகரத்துக்குத்தானே பணம் போகும், என் தொகுதிக்கு என்ன?’ என்று கேட்கும் உறுப்பினருக்கு அந்த விதியே பதில். சட்டம் எழுதியவர்களுக்கு அரசியல் தெரிந்திருந்தது.

மதிப்பீடு இல்லாமல் போன இரண்டு கோடி

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. மாநில நிதி வேண்டும் என்று கேட்பவர்கள் மறைக்கக் கூடாத அத்தியாயம் 2012-ல் நடந்தது.

சிப்ரிட்டின் தலைமை அறிவியல் அதிகாரியாக இருந்தவர், 1994-ல் நோபல் பெற்ற ஆல்ஃபிரட் கில்மன். அவர் வகுத்த விதி எளியது, கறாரானது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் டெக்சஸுக்கு வெளியே வாழும் நிபுணர்களே மதிப்பிட வேண்டும். உள்ளூர் நட்பும் பகையும் உள்ளே வரக் கூடாது. ஆனால் 2012-ல், ஒரு தொழில் வளர்ப்பு மையத்துக்காக 2 கோடி டாலர், அறிவியல் மதிப்பீடே இல்லாமல் ஒப்புதலானது. கில்மன் பதவி விலகினார். இன்னொரு நோபல் அறிஞரான ஃபிலிப் ஷார்ப் உட்பட மதிப்பீட்டாளர்கள் பலர் கூட்டாக வெளியேறினார்கள். அடுத்த சில வாரங்களில் வேறொரு பூதம் கிளம்பியது. பெலோட்டன் என்ற நிறுவனத்துக்கு 2010-ல் கொடுத்த 1.1 கோடி டாலரும் மதிப்பீடு இல்லாமல் போயிருந்தது. டிசம்பரில் புதிய நிதி வழங்கல் மொத்தமாக முடக்கப்பட்டது. 2013-ல் சட்டமன்றம் நிறுவனத்தின் விதிகளைத் திருத்தி எழுதி, கண்காணிப்பைக் கடுமையாக்கிய பிறகு, அக்டோபரில்தான் முடக்கம் நீங்கியது.

இதற்குப் பின்கதை உண்டு. அதே பெலோட்டன் நிறுவனம், டல்லாஸ் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மைய விஞ்ஞானிகளின் அடிப்படை ஆய்விலிருந்து பெல்சூட்டிஃபான் என்ற மருந்தை உருவாக்கியது. 2019-ல் மெர்க் நிறுவனம் 105 கோடி டாலர் முன்பணம் கொடுத்து பெலோட்டனை வாங்கியது. பரம்பரையாக வரும் ஓர் அரிய கட்டி நோய்க்கு 2021-லும், முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2023-லும் அந்த மருந்து அனுமதி பெற்றது. பணம் போன இடம் நல்ல இடம்தான்.

அதற்காக, மதிப்பீட்டைத் தாண்டியது சரியாகிவிடாது. வெற்றி பெற்ற ஒரு நிறுவனத்தைக் காட்டி அந்தக் குறுக்குவழியை நியாயப்படுத்தினால், தோற்றுப்போகும் பத்துக்கும் அதே வழி திறந்துவிடும். மக்கள் 2019-ல் மறுபடியும் 300 கோடி கொடுத்ததற்குக் காரணம், தவறு அம்பலமானதும் சட்டமன்றம் கதவை மூடிவைக்காமல் வீட்டைச் சுத்தம் செய்தது. 2025 நவம்பரில் மறதி நோய்க்கான நிறுவனத்துக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்காளர்கள் ஆதரவளித்தார்கள். அதன் சட்ட வடிவம் சிப்ரிட்டைப் பார்த்து எழுதப்பட்டது.

கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்த குழந்தைகள்

கலிஃபோர்னியா கதை வேறு தினுசு. 2001 ஆகஸ்ட்டில் அதிபர் ஜார்ஜ் புஷ், கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்கள்மீதான ஆராய்ச்சிக்கு மத்திய நிதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார். நீரிழிவால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனின் தந்தையான ராபர்ட் கிளைன் என்ற கட்டுமானத் தொழிலதிபர், மாநிலமே பணம் போடட்டும் என்று கிளம்பினார். சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர், ஆதரவு கேட்டு விளம்பரத்தில் பேசினார். 2004 அக்டோபரில் அவர் இறந்த பிறகும் அந்த விளம்பரம் ஓடியது. நவம்பரில் 59 சதவிகித வாக்குகளோடு 300 கோடி டாலர் நிறைவேறியது. வழக்குகள் முடிந்து பணம் முழுமையாகப் புழங்க 2007 ஆகிவிட்டது.

பிரசாரத்தின்போது சொன்ன வேகத்தில் மருந்துகள் வரவில்லை. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் சில ஆண்டுகளில் எழுந்து நடப்பார்கள் என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டது தவறு. 2020-ல் அடுத்த 550 கோடிக்கு வாக்குக் கேட்டபோது 51 சதவிகிதம்தான் கிடைத்தது என்பதில் அந்த ஏமாற்றமும் கலந்திருக்கிறது.

ஆனால், வந்தவை உண்மையானவை. பிறக்கும்போதே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு நொதி குறைவதால் வரும் இந்தக் குறைபாட்டில் சாதாரண சளியே உயிரைப் பறித்துவிடும். தெருவையும் பள்ளியையும் கூடப்பிறந்தவர்களின் முத்தத்தையும் அறியாமல் அடைபட்டு வளர வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் மருத்துவர் டொனால்ட் கோன் பல பத்தாண்டுகள் உழைத்து ஒரு மரபணு சிகிச்சையை உருவாக்கினார். குழந்தையின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து, சரியான மரபணுவைப் பொருத்தி, திரும்பவும் அதே குழந்தைக்குச் செலுத்துவது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிகிச்சை பெற்ற 50 குழந்தைகளில் 48 பேருக்குப் பலித்தது என்று 2021-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஐம்பது பேரும் உயிரோடு இருந்தார்கள். கலிஃபோர்னியா வரிப்பணம் அதன் ஒரு பகுதிச் செலவை ஏற்றது.

பிறகு நடந்ததைச் சட்டமன்ற உறுப்பினர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். சிகிச்சைக்கான உரிமத்தை ஒரு தனியார் நிறுவனம் பெற்றது. உலகெங்கும் சேர்த்தாலும் இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலர். வியாபாரக் கணக்கு ஒத்துவராததால் நிறுவனம் அந்தச் சிகிச்சையில் முதலீட்டை நிறுத்தியது. பலிக்கிற சிகிச்சை கையில் இருந்தும், பெற்றோர்கள் காத்திருக்க நேர்ந்தது. கடைசியில் உரிமம் பல்கலைக்கழகத்துக்கே திரும்பியது. கோன் குழுவினர் அதை மறுபடி தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

பொதுப்பணம் போட்டு உருவான மருந்தை ஒரு நிறுவனம் கிடப்பில் போட்டால் என்ன செய்வது? விலையை எட்டாத உயரத்துக்கு ஏற்றினால்? இந்தக் கேள்விகளுக்கான விடை நிதி வழங்கும் சட்டத்திலேயே, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இருக்க வேண்டும். 2020-ல் நிறைவேறிய கலிஃபோர்னியா சட்டம், சிகிச்சைகள் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதற்கென்று தனி ஏற்பாடுகளைச் சேர்த்துக்கொண்டது, பட்டறிவால் வந்த திருத்தம்.

‘பள்ளிக்கூடக் கூரை ஒழுகும்போது ஆராய்ச்சியா?’

எதிர்ப்பவர்கள் எல்லோரும் அறிவியலின் பகைவர்கள் என்று சொல்வது அநியாயம். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை பற்றாக்குறை இல்லாமல் பட்ஜெட் போட்டாக வேண்டியவை. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. கடன் பத்திரம் என்றால் வட்டி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் முதல் 300 கோடி, வட்டியோடு சேர்த்தால் ஏறக்குறைய 600 கோடி ஆகும் என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். தவிர, சிப்ரிட்டின் 30 கோடி எங்கே, என்.ஐ.ஹெச்.சின் 4,800 கோடி எங்கே?

கடைசி வாதம் சரியானது. மத்திய நிதியின் இடத்தை மாநிலங்கள் நிரப்ப முடியாது. நிரப்புவோம் என்று யாராவது சொன்னால் அது வாஷிங்டன் தன் பொறுப்பைக் கைகழுவ விடுவதாகும். மாநிலப் பணம் செய்யக்கூடியவை வேறு. ஒன்று, ஒரு மத்திய நிதிக்கும் அடுத்த நிதிக்கும் இடையே விழும் பள்ளத்தில் ஆய்வகம் விழாமல் பிடித்துக்கொள்வது. மாசசூசெட்ஸ் ஆளுநர் மாரா ஹீலி 2025 ஜூலை 31-ல் முன்வைத்த 40 கோடி டாலர் திட்டத்தின் நோக்கம் அதுதான். அந்த மாநிலத்துக்கு அது வாழ்வாதாரப் பிரச்னையும்கூட. பாஸ்டன், கேம்பிரிட்ஜ் நகரங்களில் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே மருந்து நிறுவனமும், அதற்குப் பக்கத்தில் உணவகமும் வாடகை வீடுகளும் முளைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் செனட்டர் ஸ்காட் வீனர் 2025-ல் கொண்டுவந்த யோசனை இன்னும் பெரியது. மாநிலத்துக்கென்று ஓர் அறிவியல் நிதியம், 2,300 கோடி டாலர் கடன் பத்திரம்.

இன்னொன்று, சந்தைக்கும் மத்திய அரசுக்கும் கண்ணில் படாத உள்ளூர் நோயைக் கவனிப்பது. இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டைப் பற்றிப் பேசாமல் நகர முடியவில்லை.

ஆடுதுறைக்குத் தெரிந்த உண்மை

மாநில அரசு உயிர் அறிவியலுக்குச் செலவிட்டால் என்ன கிடைக்கும்? இந்தக் கேள்வியைத் தஞ்சை விவசாயியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஏடிடி 43, கோ 51, வெள்ளைப் பொன்னி என்று அவர் விதைநெல்லின் பெயரையே பதிலாகச் சொல்வார். கோவையில் 1912-லும் ஆடுதுறையில் 1922-லும் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையங்கள் இன்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கின்றன. நூறாண்டுகளுக்கும் மேலாக, ஆட்சிகள் மாறினாலும், வயலில் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1921-ல் வந்த ஜிஇபி 24 என்ற ரகத்தின் ரத்தம், பின்னாளில் உலகெங்கும் உருவான பல நெல் ரகங்களின் வம்சாவளியில் ஓடுகிறது. ‘ஏ.டி.டி.’ என்ற மூன்றெழுத்து ஆடுதுறையைக் குறிக்கிறது. ‘கோ’ என்றால் கோயம்புத்தூர். சொந்த ஆராய்ச்சியின் முத்திரை ஒவ்வொரு மூட்டையிலும் இருக்கிறது.

நெல்லுக்குக் காட்டிய அந்தப் பொறுமையை மனித உடலுக்குக் காட்டவில்லை. இந்தியாவின் மொத்த ஆராய்ச்சிச் செலவே உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 0.64 சதவிகிதம். அதில் எல்லா மாநில அரசுகளின் பங்கையும் கூட்டினால் 6.7 சதவிகிதம். அரசமைப்பின்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. சிகிச்சையின் செலவு மாநிலத்துடையது, ஆராய்ச்சி மட்டும் டெல்லியுடையது என்ற நிலைதான் நடைமுறை. தமிழ்நாட்டுக்கு 2022-ல் உயிர் அறிவியல் கொள்கை ஒன்று வந்தது. வரவேற்க வேண்டியது. ஆனால், அதன் மையம் தொழில் முதலீடும் வேலைவாய்ப்பும். ஆய்வகத்தில் இரவு பத்து மணிக்கும் விளக்கெரிய வைப்பது வேறு வகைப் பணம்.

திறமைக்குப் பஞ்சமில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு அளித்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழில் வெளியாயின. சிகிச்சைக்குப் பிறகு ஐவரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. அதற்குக் கைகொடுத்தது மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை. வெயிலில் உழைக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் பழுதாவதைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் ஆராய்ந்து 2025-ல் சர்வதேச இதழில் எழுதினார்கள். இந்த நோய்க்கு மருந்து தேடி எந்தப் பன்னாட்டு நிறுவனமும் முதலில் ஓடி வராது. பாதிக்கப்படுகிறவர்களிடம் பணம் இல்லை.

■ பெட்டிச் செய்தி: கிண்டியில் ஒரு நூற்றாண்டு

சென்னை கிண்டியில் இருக்கும் கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் மாநில அரசுடையது. 1899-ல் தொடங்கியது. அன்றைய சென்னை மாகாண சுகாதார ஆணையர் டபிள்யூ.ஜி. கிங் நினைவாகப் பெயர் பெற்றது. பெரியம்மைத் தடுப்பூசியை இங்கே தயாரித்தார்கள். 2020-ல் கொரோனா நுழைந்தபோது தமிழ்நாட்டின் முதல் பரிசோதனைக்கூடமாக இயங்கியதும் இதுவே.

மானியக் கோரிக்கை நாளில்...

அமெரிக்க அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பணத்தின் அளவை அல்ல. ஒரு மாநிலத்தின் பட்ஜெட்டை இன்னொரு நாட்டின் டாலரோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியவை விதிகள்.

முதலில், காலம். மார்ச் 31-ல் செலவாகாத தொகை காலாவதியாகும் முறை ஆராய்ச்சிக்கு ஒத்துவராது. கருவிக்கு டெண்டர் விட்டு, அது வந்து இறங்குவதற்குள் நிதியாண்டு முடிந்துவிடுகிறது. டெக்சஸும் மாசசூசெட்ஸும் பத்தாண்டுகளை முன்வைத்துச் சட்டமாக எழுதியதன் காரணம் அதுதான். நம் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவது ஊரறிந்த விஷயம். விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு ஒருவர் செல் வளர்க்க முடியாது. மாநில நிதி என்று ஒன்று வந்தால், அதன் முதல் விதி மாதத்தின் முதல் நாளில் உதவித்தொகை என்பதாக இருக்கட்டும்.

அடுத்து, யார் மதிப்பிடுவது. சிப்ரிட்டைப் போல வெளி மாநில, வெளிநாட்டு நிபுணர்கள் மட்டுமே மதிப்பிடும் முறை இங்கே இன்னும் அவசியம். யாருக்கு எவ்வளவு, எதற்காக, முடிவு என்ன என்பதெல்லாம் ஆண்டுதோறும் பேரவையில் வைக்கப்பட வேண்டும். தோல்வியடைந்த ஆய்வுகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பல ஆய்வுகள் தோற்பது இந்தத் துறையில் இயல்பு, அதை முன்கூட்டியே மக்களிடம் சொல்லிவிடுவது நேர்மை. மூன்றாவது, விலை. பொதுப்பணத்தில் உருவான மருந்து அரசு மருத்துவமனைக்கு என்ன விலையில் வரும், நிறுவனம் கைவிட்டால் உரிமம் யாரிடம் திரும்பும் என்பவை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

எங்கே தொடங்குவது? பாம்புக்கடியில் தொடங்கலாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் வயலில் வேலை செய்பவர்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி, 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. ஆனால், ஒரே இனப் பாம்பின் நஞ்சும் பகுதிக்குப் பகுதி மாறுகிறது, அதனால் மருந்தின் வீரியமும் மாறுகிறது என்பது ஆய்வாளர்கள் உறுதிசெய்த உண்மை.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பாதிப்பாக்கியது. எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில் அதிகம் கடிபடுகிறார்கள் என்ற விவரம் இனி பொது சுகாதாரத் துறைக்கு வந்து சேர வேண்டும். நஞ்சை எடுக்கத் தெரிந்த இருளர்கள் வடநெம்மேலியில் இருக்கிறார்கள். அரசின் ஆய்வுக்கூடம் கிண்டியில் இருக்கிறது. டெல்டாவிலும் கொங்குப் பகுதியிலும் தென் மாவட்டங்களிலும் இருக்கும் பாம்புகளின் நஞ்சை ஒப்பிட்டு, இப்போதைய மருந்து எங்கே போதவில்லை என்று கண்டறியும் ஐந்தாண்டு ஆய்வு ஒன்றுக்கு, மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கையில் தனித் தொகை கேட்டு, வயல்வெளித் தொகுதியிலிருந்து வந்த எந்த உறுப்பினரும் அடுத்த கூட்டத்தொடரிலேயே எழுந்து பேசலாம்.